ஞானேஸ்வரி ஏற்றும் மழை

"எங்க, மொகத்தக் காட்டு" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஞானேஸ்வரி கோப்பைத் திறப்பாள். திறந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து, வலது சுட்டுவிரலை முதல் எண்ணின்மேல் வைப்பாள். விரல் வரிவரியாக இறங்கும். வருஷக்கணக்கில் இறங்கி இறங்கி, திரையின் இடதுபக்கம் மேலிருந்து கீழாக ஒரு மங்கிய தடம் விழுந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் நடந்து நடந்து மலையில் விழும் ஒற்றையடிப் பாதை போல. புதுத் திரை வாங்கித் தருகிறேன் என்று முதலாளி செல்லப்பா சொல்லிப் பார்த்தார். "வேணாம் சேர். இதுக்குத்தான் என் வெரலத் தெரியும்" என்றுவிட்டாள்.

செல்லப்பாவின் அலுவலகம் கண்டி பேராதனை வீதியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. தகப்பனாரின் இரும்புக் கடையை விற்றுவிட்டுக் கணினித் தொழிலில் இறங்கியவர். ஆணி, வாளி விற்ற காலத்துப் பழக்கத்தில் இன்றும் வாடிக்கையாளரிடம் "சரக்கு கெட்டி, தைரியமாக் கொண்டுபோங்க" என்பார். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் மழை, கொழுந்து நிறை, தொழிற்சாலைச் சூடு என்று அன்றாடம் அளப்பதையெல்லாம் தட்டி எழுதி இங்கே அனுப்புகின்றன. வெறும் எழுத்துக் கோப்புகள். எண்ணும் இடைவெளியும் தவிர அவற்றில் வேறொன்றும் கிடையாது. அந்த எண்களைப் புரோகிராமுக்குள் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் அததன் இடத்தில் உட்கார வைப்பது ஞானேஸ்வரியின் வேலை. அப்படி உட்கார்ந்த எண்களின் அணிவகுப்பை 'எரே' என்பான் அடுத்த மேசை நஸீம். எரேயிலிருந்து கோட்டுப்படம் வரைகிற பகுதி அவனுடையது. ஞானேஸ்வரிக்கு அது எரேயும் இல்லை, கிரேயும் இல்லை, சீட்டு. "எல்லாம் சீட்டுல ஒக்காந்திருச்சு, இனி நீ பஸ்ஸ எடு" என்று அவள் சொன்னால், நஸீம் படம் வரையத் தொடங்கலாம் என்று அர்த்தம்.

அதற்கு முன் தொடங்கினால் தொலைந்தான். "கடுகண்ணாவ ஏத்தத்துல லொறி ஏறுறதப் பாத்திருக்கியா? பாரத்த ஒழுங்காக் கட்டாம கியர் போட்டா என்ன ஆகும்? முன்னால போவாது, பின்னால வரும்."

"ஞானாக்கா, இது நாலு வரி கோட். லொறி இல்ல."

"நாலு வரியோ நாப்பது வரியோ, ஏத்துறது நானு."

ஏற்றுவதில் அவளுக்கு இருக்கும் கர்வம் சாதாரணமானதல்ல. சமையல், சேலை, பிள்ளை வளர்ப்பு என்று எதைப் பாராட்டினாலும் வெட்கப்பட்டு விலகிக்கொள்வாள். "நீங்க ஏத்தின ஃபைல் நல்லா இரிக்கி" என்று நஸீம் சொன்னால் மட்டும் மறுக்கமாட்டாள். "என் கையால ஏத்தினது இன்னைவரைக்கும் மொரண்டு பண்ணினதில்ல" என்று தானும் ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழில் படித்து, கம்பளையில் கணினி வகுப்புக்குப் போய், ஆங்கிலத்தைப் பிழைச்செய்திகள் வழியாகவே கற்றவள். அதனால் அவளுடைய ஆங்கிலம் முழுக்கத் தடை, மறுப்பு, எச்சரிக்கை. யாராவது வெள்ளைக்காரர் மாடிப்படி ஏறி வந்து நலம் விசாரித்தால் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வராது. எதையாவது கூடாது என்று சொல்லச் சொன்னால் ஆங்கிலம் அருவியாகக் கொட்டும்.

கோப்பின் முகத்தைப் பார்க்காமல் ஏற்றக்கூடாது என்ற அவளுடைய சட்டத்துக்குக் காரணம் உண்டு. புசல்லாவைத் தோட்டத்துக் கிளாக்கர் பெரியதம்பி, எதை எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கமாட்டார். பேரேடு போய்க் கணினி வந்தது, பிள்ளையார் போகவில்லை. மழைக் கோப்பின் முதல் வரியில் ஒற்றை 'உ' நிற்கும். முதன்முதலில் அதை ஏற்றியபோது புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது.

"ஞானாக்கா, ஒங்கட புள்ளையார் உள்ளுக்கு வந்து நிக்கிறாரு. அவர எண்ணா மாத்த ஏலாதாம், கம்பியூட்டர் சண்டைக்கு வருது" என்றான் நஸீம்.

"அவர எதுக்கு மாத்துற? கும்பிட்டுட்டு அடுத்த வரிக்குப் போ." அந்தத் தோட்டத்துக் கோப்புக்கு மட்டும் முதல் வரியைத் தாண்டிவிட்டுப் படிக்கும்படி அவளே ஒரு சொல் சேர்த்தாள். பிரச்சினை தீர்ந்தது.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் உண்மையான வில்லங்கம் கம்பளையிலிருந்து வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் கோப்புத் தட்டுகிற ரபீகா, மழைக் கோப்பின் தலையில் பக்தியோடு 786 என்று போட்டு அனுப்பியிருந்தாள். 'உ' எழுத்து, அதனால் புரோகிராம் கத்தியது. 786 அச்சு அசலான எண். அது ஒரு சத்தமும் போடாமல் உள்ளே போய், ஜனவரி முதல் நாளின் சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. மற்ற மழையெல்லாம் அடுத்தடுத்த நாளுக்கு நகர்ந்தன. நஸீம் வரைந்த படத்தில், ஜனவரி மாதத்து வெயில் நாளொன்றில் கம்பளை முழுவதும் மகாவலி ஆற்றுக்குள் போயிருந்தது. செல்லப்பா படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கு ஞானேஸ்வரி ஒரு பாடம் படித்தாள். அதைப் பிறகு ஊருக்கெல்லாம் ஓதினாள். "தப்பா வாரவன் வாசல்லயே சத்தம் போடுவான், புடிச்சிறலாம். சட்டையெல்லாம் போட்டு ஒழுங்கா வாரவன்தான் ஆபத்து. அதுக்குத்தான் மொகம் பாக்கச் சொல்றது." ரபீகாவுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் குரல் பஞ்சாயிற்று. "நீங்க எழுதுங்க தங்கச்சி, தாராளமா எழுதுங்க. எழுதினா எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க, நான் அவருக்கும் வழி விட்டுர்றேன்."

அவளுடைய இன்னொரு சட்டம் வெற்றிடத்தைப் பற்றியது. பெரியதம்பியின் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு வாரம். ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும் ஏழு எண்கள். ஞாயிற்றுக்கிழமை மழைமானியைப் பார்க்க ஆள் கிடையாது. ஆகையால் ஞாயிறு பெய்ததும் திங்கள் காலை அளவிலேயே சேர்ந்துவிடும். ஞாயிறின் இடத்தை அவர் வெறுமையாக விட்டுவிடுவார். மனிதக் கண்ணுக்கு அது வெற்றிடம். எண் எங்கே என்று மட்டும் தேடுகிற புரோகிராமுக்கு அப்படி ஓர் இடமே தெரியாது. திங்களை இழுத்து ஞாயிறிலும், செவ்வாயை இழுத்துத் திங்களிலும் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் சனியில் ஆளில்லையே என்று புலம்பும்.

இதை நஸீமுக்கு விளக்க அவள் பேச்சைக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கே, அங்கே இடம் பிடிக்கப் போடும் கைக்குட்டைக்கே, கொண்டுபோய்விட்டாள். "புசல்லாவ பஸ்ல சீட்டு எப்படிப் புடிப்ப? ஜன்னல் வழியா லேஞ்சியப் போடுவியா மாட்டியா? லேஞ்சி கெடந்தா எவனாவது ஒக்காருவானா? வராத நாளுக்கு ஒரு லேஞ்சியப் போட்டு வையி. ஆள் இல்லாட்டியும் சீட்டு அவனோடது." எண் அல்ல என்று கணினியே வைத்திருக்கிற ஓர் அடையாளத்துக்கு அன்றிலிருந்து அந்த மாடியில் லேஞ்சி என்று பெயர். பிறகு நஸீமே, "ஞானாக்கா, மார்ச்சில அஞ்சு லேஞ்சி இரிக்கி" என்று சர்வசாதாரணமாகச் சொல்வான். கணக்குக் கேட்க வந்த வாடிக்கையாளர்கள் சலவைக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று விழிப்பார்கள்.

வீட்டிலும் இதே ஆட்சிதான். கணவர் வீரய்யா மாநகர சபையில் தண்ணீர் மீற்றர் பார்ப்பவர். மிளகு தீர்ந்துபோனால் மிளகு டப்பா இருந்த இடம் வெறுமையாகவே இருக்கவேண்டும். பக்கத்து டப்பாவைத் தள்ளிவைக்கக்கூடாது. "மல்லிய நகத்தி வெச்சீங்கனா நாளைக்கு ரசத்துல சீனிதான் விழும்" என்பாள். "ஊர் வீட்டுக்கெல்லாம் தைரியமாப் போய் மீற்றர் பாக்குறேன், எங்க வீட்டு அலுமாரியத் தொறக்கத்தான் பயமா இருக்கு" என்பது வீரய்யாவின் நிரந்தர முறைப்பாடு.

இப்படிப்பட்டவளின் கைக்குத்தான் அந்தப் புசல்லாவைத் தோட்டத்தின் ஆறு வருஷ மழையும் வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் கீழ் லயம் என்று ஒன்று உண்டு. பின்னால் மண்மேடு, முன்னால் ஓடை. இரண்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த வீட்டுவரிசையில் ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு, ஞானேஸ்வரியின் தங்கை புஷ்பத்துடையது. அங்கிருப்பவர்களை மேலே புது வீடுகளுக்கு மாற்றுவதா, அங்கேயே விடுவதா என்று முடிவுசெய்ய ஓர் அதிகாரி அம்மா நியமிக்கப்பட்டிருந்தார். ஆறு வருஷத்தில் ஒரு வார மழை எத்தனை முறை ஆபத்துக் கோட்டைத் தாண்டியது என்று அவருக்குத் தெரியவேண்டும். தாண்டியிருந்தால் மாற்றம். தாண்டாவிட்டால் அவசரமில்லை.

புஷ்பத்துக்கு மாறுவதில் துளியும் விருப்பமில்லை. லயத்துக்குப் பின்னால் அவளுடைய போஞ்சிப் பந்தல் இருக்கிறது, மாடு இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய காரணமும் இருந்தது. புது வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. புஷ்பத்தின் வீட்டோடு ஒட்டியது அழகம்மாவுக்கு விழுந்திருந்தது. அந்த இருவருக்கும் நடுவில் இருந்த பகை ஒரு சேவலில் தொடங்கி, மூன்று திருவிழாக்களைக் கலைத்துவிட்டு, அப்போதும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

"மண்ணு சரிஞ்சா ஒரே தடவதான்க்கா சாவேன். அவகூட ஒரே செவத்துல இருந்தா தெனம் சாவணும்" என்றாள் தொலைபேசியில். "நீதானே மழைய ஏத்துற? கொஞ்சம் கொறச்சு ஏத்திவிடு."

"மழைய நான் ஏத்துறதுமில்ல எறக்குறதுமில்ல. வந்தத வந்தபடி ஒக்கார வெப்பேன். கொறைக்கச் சொல்லி இன்னொரு தடவ கேட்டா போன வெச்சிருவேன்."

"பெரிய மழைக்கணக்கு தொர!" என்று புஷ்பம்தான் முதலில் வைத்தாள்.

ஞானேஸ்வரி வழக்கம்போல் முகம் பார்த்து, விரலால் இறங்கி, பிள்ளையாருக்கு வழிவிட்டு, வெற்றிடத்திலெல்லாம் லேஞ்சி போட்டு, ஆறு வருஷத்தையும் உட்கார வைத்தாள். வாராந்தக் கூட்டல் எடுக்கும்போது லேஞ்சிகளை விட்டுவிட்டுக் கூட்டும்படி சொன்னாள். ஞாயிறு மழைதான் திங்களில் சேர்ந்திருக்கிறதே. லேஞ்சியைக் கூட்ட என்ன இருக்கிறது? புரோகிராம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. நஸீம் படத்தை வரைந்தான். கோடு ஏறி, இறங்கி, சில இடங்களில் ஆபத்துக் கோட்டை எட்டிப் பார்த்து, ஓர் இடத்திலும் தொடாமல் போயிற்று.

"சரக்கு கெட்டி" என்றார் செல்லப்பா.

ஞானேஸ்வரி அன்று மாலை பேக்கரியில் வழக்கத்துக்கு மாறாகக் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தங்கைக்காகப் பொய் சொல்லவும் இல்லை. தங்கை நினைத்தபடியே நடந்தும்விட்டது. நேர்மைக்குக் கையோடு கூலி கிடைப்பது உலகத்தில் அபூர்வமல்லவா?

அதிகாரி அம்மா படத்தைப் பார்க்க மாடிக்கே வருவதாகச் சொன்ன நாளன்று காலையில் தொலைபேசி அடித்தது. பஸ்ஸிலிருந்து புஷ்பம். அவளைப்போலவே மாற விரும்பாத லயத்துச் சனம் பாதி அவளோடு வந்துகொண்டிருந்தது. பின்னால் பாட்டுச் சத்தம்.

"அக்கா! படத்துல மழ கோட்டத் தொடவே இல்லியாமே! ஒங்க சேர் போன்ல சொன்னாராம், கிளாக்கர் ஐயா சொன்னாரு. தங்கமான அக்காடி நீ! நான்கூடப் பயந்துட்டேன், அந்தத் தீவாளி வாரம் மாட்டி விட்டுருமோனு."

"எந்தத் தீவாளி வாரம்?"

"போன வருசம்தான். ஓடத் தண்ணி வீட்டுக்குள்ளாற வந்திருச்சே! பாப்பாவத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் கோயில்லதானே ரெண்டு ராவு படுத்தோம். ஒனக்கு நான் சொல்லலியா? சொன்னா நீ வந்து சத்தம் போடுவனு சொல்லலபோல. சரி சரி, கண்டிக்கு வந்துட்டோம், வெக்கிறேன்."

ஞானேஸ்வரி படத்தை எடுத்து அந்தத் தீபாவளி வாரத்தைத் தேடினாள். ஆறு வருஷத்திலேயே அதுபோல வறண்ட வாரம் வேறில்லை. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

கோப்பைத் திறந்து விரலை வைத்தாள். அந்த வரியில் ஞாயிறு மட்டுமல்ல, திங்கள் முதல் வியாழன் வரைக்கும் வெறுமை. இதே விரல் இதே வெறுமையின் மேல் போய்த்தான் இருக்கிறது, லேஞ்சியும் போட்டிருக்கிறது. உடனே பெரியதம்பியைக் கூப்பிட்டாள்.

"கிளாக்கர் ஐயா, தீவாளி வாரம் நாலு நாள் ஏன் வெறுமையா இருக்கு? லீவா?"

"லீவா? நல்லாக் கேட்ட தாயி! திங்கக்கெழம போய்ப் பாத்தா மழைமானி நெறஞ்சு வழியுது. வழிஞ்சு போனது எவ்வளவுனு எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் அதுக்குப் போற பாலத்தையே தண்ணி கொண்டு போயிருச்சு. வியாழன் அந்தியில மழ விட்ட பொறகுதான் கயிறு கட்டிப் போய் அதக் கொட்டி வெச்சேன். தெரியாதத எழுதப்படாதுனு பழைய தோட்டத்துத் தொர எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. அதான் எழுதல. சரிதானே?"

"சரிதான் ஐயா" என்றாள். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. ஞாயிறு வெறுமைக்கு வேறு காரணம், இந்த வெறுமைக்கு வேறு காரணம். இரண்டுக்கும் ஒரே லேஞ்சியைப் போட்டு, இரண்டையும் காலி சீட்டென்று கழித்துவிட்டவள் அவள். அளக்கமுடியாத அளவுக்குப் பெய்த மழை, பெய்யாத மழையாகி, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தது.

"நீ ஏன்டா சத்தம் போடல?" என்று கோப்பைக் கேட்டாள். அடுத்த மேசையில் நஸீம், தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "என்னக்கா, நான் இன்னும் ஒண்டும் செய்யல்லியே" என்றான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. புஷ்பம்தான் முன்னால் வந்தாள், நல்ல சேலையில், ஒரு பை போஞ்சியோடு. பின்னால் லயத்துச் சனம். செல்லப்பா உட்காரக் கதிரைகள் தேடி ஓடினார். போஞ்சியை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்த புஷ்பம், அதிகாரி இன்னும் வராததால் நஸீமிடம் கொடுத்தாள். "தம்பிதானே கோடு போட்டது? நல்ல கையி." பிறகு அக்காவிடம் வந்து கன்னத்தைக் கிள்ளினாள். "ஏன்க்கா மொகம் இப்படி இருக்கு? சாப்பிடலியா?"

"நீ முன்னுக்குப் போய் ஒக்காரு" என்றாள் ஞானேஸ்வரி.

யாருக்கும் எதுவும் தெரியாது. பெரியதம்பிக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. நஸீமுக்கு மழை தெரியாது. புஷ்பமும் அவளோடு வந்த சனமும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஞானேஸ்வரி சும்மா இருந்தால் போதும். கோப்பு சும்மா இருந்ததுபோல.

அதிகாரி அம்மா வந்தார். குடையை மடக்கியபடியே தமிழும் சிங்களமும் கலந்து எல்லோரையும் விசாரித்தார். செல்லப்பா படத்தைச் சுவரில் விழச்செய்து, கோடு எங்கும் தொடாததைக் கம்பால் தட்டித் தட்டிக் காட்டினார். சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று தலையசைத்து அம்மா பேனாவைத் திறந்தார். லயத்துச் சனம் மூச்சை விட்டது. புஷ்பம், அழகம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மிஸ், அதுல கையெழுத்து வெக்காதீங்க" என்றாள் ஞானேஸ்வரி.

செல்லப்பாவின் கம்பு அந்தரத்தில் நின்றது. "என்னம்மா ஞானா?"

"அந்தப் படம் பிழை சேர். நான்தான் பிழையா ஏத்தினேன்." எழுந்து போய்ச் சுவரில் தீபாவளி வாரத்தைத் தொட்டாள். படம் அவள் முதுகில் விழுந்து, ஆறு வருஷ மழையும் அவளுடைய சேலையில் ஏறி இறங்கியது. "இங்க மழ இல்லனு காட்டுது. இல்லாம இல்ல. அளக்க ஏலாம இருந்திச்சு. தெரியாததயும் இல்லாததயும் நான் ஒன்னாப் போட்டுட்டேன்."

புஷ்பத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா!" என்றாள், பல்லுக்குள்.

"சரி, அதுக்கென்ன, திருத்திட்டாப் போச்சு" என்று செல்லப்பா முந்திக்கொண்டார். அலுவலகத்தின் பெயர் போய்விடுமே என்ற பயத்தில் குரல் மேலே போயிருந்தது. "நஸீம், முந்தின நாளையும் பிந்தின நாளையும் கூட்டி ரெண்டாப் பிரிச்சு, நடுவுல ஒரு எண்ணப் போடுப்பா."

நஸீம் கையை நீட்டுமுன் ஞானேஸ்வரி வந்து விசைப்பலகையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "ஒன்னும் போட ஏலாது. கொறைச்சுப் போடச் சொல்லி என் தங்கச்சியே கேட்டா, அப்பவும் போடல. இப்ப கூட்டியும் போடமாட்டேன். தெரியாதுன்னா தெரியாதுதான்."

"வீட்டு விசயத்த சபையில சொல்றா பாருங்க!" என்றாள் புஷ்பம், எல்லோருக்கும் கேட்க. யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி அம்மா பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை. "எண் இல்லாட்டி நான் என்ன எழுதுறது?" என்று யோசித்தவர், கதிரைகளின் பக்கம் திரும்பினார். "அந்த வாரம் நீங்க அங்கதானே இருந்தீங்க? ஓடைத் தண்ணி வீட்டுக்குள்ள எவ்வளவுக்கு வந்திச்சு? யாராவது சொல்லுங்க."

எல்லோரும் புஷ்பத்தைப் பார்த்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

புஷ்பம் எழுந்தாள். அக்காவை எரித்துவிடுகிறவள்போல ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து, உள்ளங்கையைக் கணுக்காலுக்கு நேராக விரித்துக் காட்டினாள். "இவ்வளவுதான் வந்திச்சு."

ஞானேஸ்வரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கோப்பைப் பார்ப்பதுபோல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு முழங்காலுக்கு வந்தது. "பாப்பா தூங்கிட்டு இருந்தா..." என்றாள் புஷ்பம், யாரிடமென்று இல்லாமல். கை தொடைக்கு ஏறியது. "எறக்கி விட எடமில்லாம நின்னேன்." கை இடுப்புக்கு வந்து நின்றது, அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பந்தலப் பத்தி அன்னைக்கு நெனைக்கக்கூட இல்ல."

அதிகாரி அம்மா, "ஹரி, இடுப்பளவு" என்று மெதுவாகச் சொல்லி எழுதப் போனார்.

"கொஞ்சம் இருங்க மிஸ்." ஞானேஸ்வரி செல்லப்பாவின் மேசையிலிருந்து மூன்றடி அளவுகோலான அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, தங்கையின் முன்னால் தரையில் மண்டியிட்டாள். அடிமட்டத்தின் அடிநுனியைச் சிமெந்தில் ஊன்றி, தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"செருப்பக் கழட்டு புள்ள."

புஷ்பம் இடுப்பில் வைத்த கையை அசைக்காமல், ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைத் தள்ளிவிட்டாள்.